பக்வாஷும் ஒரு கிராமம், வல்லம் வடகாலும் ஒரு கிராமம்

போன வருஷம் ஜூன் மாசம் வல்லம் வடகால் சிப்காட்டுல, மோட்டார் பாகங்கள் செய்யுற ஒரு கம்பெனியில ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் பண்ணேன். கம்பெனி பேர் வேண்டாம். முதல் நாள் ஷாப் ஃப்ளோருக்குள்ள நுழைஞ்சதும் கண்ணுல பட்டது ரெண்டு மரப்பெட்டி. ஒண்ணு ஆள் உயரம், இன்னொண்ணு இடுப்பு உயரம். பக்கவாட்டுல சீன எழுத்து, மேல்பக்கம் எதுன்னு காட்டுற அம்புக்குறி, பெரியது மேல நீலத் தார்ப்பாய். கடைசி நாள் ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டு வெளிய வரும்போதும் ரெண்டும் அதே இடத்துல இருந்தது. ஆறு வாரமும் அதைச் சுத்தித்தான் நடந்தோம். யாரோ ஒருத்தர் சின்னப் பெட்டி மேல சாப்பாட்டுப் பையை வைக்க ஆரம்பிச்சாங்க. ரெண்டாவது வாரத்துல அது எல்லாருக்கும் அலமாரி ஆயிடுச்சு.

சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட கேட்டேன். "மெஷின் வந்து நாலு மாசம் ஆச்சு தம்பி. மாட்டி, ஓட்டிக் காட்ட வேண்டிய ஆளுக்கு விசா வரல"ன்னாரு. நாமளே பிரிச்சு மாட்டிடலாமே அண்ணான்னு கேட்டேன். "மாட்டலாம். வாரண்டி போயிடும். அப்புறம் ஏதாவதுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?" அதோட பேச்சு முடிஞ்சுது.

அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்து போன்ல தேடினப்போதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. 2020 ஜூன் 15 ராத்திரி லடாக்ல கல்வான் பள்ளத்தாக்குல நடந்த மோதல்ல நம்ம வீரர்கள் 20 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் சீனாக்காரங்களுக்கு விசா கொடுக்கிறது இறுகிப்போச்சு. நான் அப்போ ஸ்கூல் பையன், ஆன்லைன் கிளாஸ்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டு இருந்தேன். அந்த ராத்திரிக்கு அஞ்சு வருஷம் கழிச்சு, இமயமலையில இருந்து எத்தனையோ தூரத்துல, ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவுல ஒரு பெட்டி திறக்கப்படாம கிடக்குது. விசாவை இறுக்கினது சரியா தப்பான்னு தீர்ப்பு சொல்ல நான் வரல. எல்லையில ஆள் செத்த பிறகு ஒரு அரசாங்கம் யோசிக்காம இருக்க முடியாது. நான் சொல்றது வேற. 'சர்வதேச உறவுகள்'னு ஒரு பாடம் இருக்குறதே யூபிஎஸ்சி படிக்கிற கசின் வழியா மட்டும் தெரிஞ்ச எனக்கு, அதோட முதல் பாடத்தை ஒரு மரப்பெட்டி எடுத்துச்சு.

ஒரு தடவை கண்ணுல பட்டுடுச்சுன்னா அப்புறம் ஒரகடம் ரோட்டுல பஸ்ல போகும்போதெல்லாம் அதுதான் தெரியும். வல்லம் வடகால்ல 2024 ஆகஸ்ட்டுல திறந்தாங்களே, பெண் தொழிலாளர்களுக்கான தங்கும் விடுதி? 18,720 படுக்கை. 706 கோடி ரூபாய்க்கு மேல செலவு. திறப்பு விழாவுக்கு முதலமைச்சரோட ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூ தைவான்ல இருந்து வந்திருந்தார். அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் நடுவுல உரசல் வந்ததால, எல்லாத்தையும் ஒரே நாட்டுல செய்ய வேணாம்னு கம்பெனிகள் முடிவு பண்ணின கதையோட ஒரு பக்கம்தான் அந்தக் கட்டடம். கதையோட இன்னொரு பக்கம் 2025 ஜூலைல வந்த செய்தி: இந்தியாவுல இருந்த சீனப் பொறியாளர்கள் முந்நூறு பேருக்கு மேல ஊருக்குத் திரும்பச் சொல்லிட்டாங்கன்னு. அதாவது அப்போ இந்தப் பக்கம் விசா வரல, அந்தப் பக்கம் ஆளை அனுப்பல. ரெண்டு கதவும் சாத்தினா நடுவுல நிக்கிறது யார்? பயிற்சி கிடைக்காத நம்ம சீனியர் அக்கா.

பழைய கதையும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஆலை 2006-ல தொடங்கி 2014 நவம்பர்ல மூடினாங்க. ஃபின்லாந்து கம்பெனி, அதோட போன் பிசினஸை வாங்கினது அமெரிக்க மைக்ரோசாஃப்ட், நடுவுல இந்திய வரி வழக்கு. மூணு நாட்டுக்கு இடையில மாட்டிக்கிட்ட ஒரு ஆலை. அதுல வேலை போனவங்க சில பேர் இன்னைக்கும் இதே ரோட்டுல வேற கம்பெனி யூனிஃபார்ம்ல இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தரைக்கூட எந்த சர்வதேச உறவுகள் கருத்தரங்கத்துலயும் யாராவது உட்கார வெச்சுப் பேச விட்டிருப்பாங்களா? எனக்குச் சந்தேகம்தான்.

உலகத்தைப் பத்திப் பேசுற பெரிய கூட்டங்களுக்கு இப்போ பஞ்சமே இல்ல. மியூனிக்ல 1963-ல இருந்து நடக்குது. சிங்கப்பூர்ல ஷாங்ரி-லா டயலாக் 2002-ல இருந்து. டெல்லில ரைசினா டயலாக் 2016-ல இருந்து. மந்திரிங்க, தளபதிங்க, பேராசிரியர்கள் எல்லாரும் நல்ல ஹோட்டல்ல உட்கார்ந்து 'சப்ளை செயின்'னு சொல்றாங்க. அவங்க சொல்ற செயின்ல ஒரு கண்ணி வல்லம் வடகால். ஆனா கண்ணியைப் பார்க்க யாரும் வர்றதில்ல.

இதுக்கு நடுவுல நம்ம 'இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ்' வேற. சிரிக்காதீங்க, நானும் ரெண்டுல கலந்துக்கிட்டேன். உங்களுக்கே தெரியும் அது எப்படி நடக்கும்னு. பெரிய ஃபிளெக்ஸ். பேர்ல 'ரீசன்ட் ட்ரெண்ட்ஸ்'னு கட்டாயம் இருக்கணும். வெளிநாட்டுல இருக்குற நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் ஜூம்ல இருபது நிமிஷம் பேசுவார், பாதி நேரம் "ஆம் ஐ ஆடிபிள்?". அப்புறம் ஃபீஸ் கட்டினவங்க ஆளுக்கு ஏழு நிமிஷம் பிபிடி. சர்டிஃபிகேட். கடைசியில குரூப் போட்டோ. கேள்வி நேரம் மட்டும் எப்பவும் 'நேரமின்மை காரணமாக' ரத்து. இன்டர்நேஷனல்ங்கிற சொல்லுக்கு அங்க இருக்குற ஒரே ஆதாரம் அந்த ஜூம் லிங்க்.

இதைப் பார்த்துட்டு "இன்ஜினியரிங் பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு, ஆர்ட்ஸ் காரங்க பார்த்துப்பாங்க"ன்னு நீங்க சொன்னா, உங்களுக்கு ஒரு ஊரைப் பத்திச் சொல்லணும்.

கனடாவுல நோவா ஸ்கோஷியாங்கிற மாகாணத்துல பக்வாஷ்னு ஒரு மீன்பிடி ஊர். 1957 ஜூலைல அங்க 10 நாட்டுல இருந்து 22 பேர் வந்து சேர்ந்தாங்க. பெரும்பாலும் இயற்பியல்காரங்க, விஞ்ஞானிகள். வந்தவங்கள்ல ஒருத்தர் கூட தூதர் இல்ல. ஹைட்ரஜன் குண்டு வந்துடுச்சு, ரெண்டு வல்லரசும் மாத்தி மாத்தி சோதனை பண்ணிட்டு இருக்கு, இதை எப்படி நிறுத்துறதுன்னு பேசுறதுக்காக வந்தாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி, 1955 ஜூலை 9 அன்னைக்கு லண்டன்ல பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஒரு அறிக்கை வெளியிட்டார். ஐன்ஸ்டைன் சாகுறதுக்குச் சில நாள் முன்னாடி கையெழுத்துப் போட்ட அறிக்கை அது. விஞ்ஞானிகளே, நீங்க ஒண்ணு கூடிப் பேசுங்கன்னு அது கேட்டுச்சு. அந்தக் கூட்டம்தான் பக்வாஷ்ல நடந்தது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்லட்டுமா? முதல்ல அது நடக்க வேண்டியது இந்தியாவுல. நேரு கூப்பிட்டிருந்தார். 1956 கடைசியில சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்து எல்லாம் தள்ளிப்போச்சு. சர்வதேச உறவுகளைப் பத்திப் பேச வேண்டிய கூட்டமே சர்வதேச உறவுகளால நின்னுபோச்சு! அப்புறம் பக்வாஷ்ல பிறந்து பெரிய தொழிலதிபரான சைரஸ் ஈட்டன் "என் ஊருக்கு வாங்க, செலவை நான் பார்த்துக்கிறேன்"னார். அதனாலதான் உலகம் பூரா இன்னைக்கும் அந்த அமைப்புக்கு ஒரு மீன்பிடி ஊரோட பேர். 1995-ல அமைதிக்கான நோபல் பரிசு அந்த அமைப்புக்கும், அதை இத்தனை வருஷமா இழுத்துட்டுப் போன ஜோசஃப் ராட்பிளாட்டுக்கும் சேர்த்துக் கொடுத்தாங்க. ராட்பிளாட் யாருன்னா, அணுகுண்டு செஞ்ச மன்ஹாட்டன் திட்டத்துல வேலை பார்த்து, ஜெர்மனிகிட்ட குண்டு இல்லன்னு தெரிஞ்சதும் 1944 கடைசியில வேலையை விட்டுட்டு வெளிய வந்தவர்.

அந்த 22 பேர்ல சீனாவுல இருந்து ஜோ பெய்யுவான் வந்திருந்தார். அமெரிக்காவுல இருந்தும் வந்திருந்தாங்க. ரெண்டு நாட்டுக்கும் அப்போ தூதரக உறவே கிடையாது. அது வர்றதுக்கு 1979 ஆச்சு. இப்போ என் மரப்பெட்டியை நினைச்சுப் பாருங்க.

எப்படிப் பேச முடிஞ்சுது அவங்களால? ஒரு எளிய விதிதான் காரணம்னு நினைக்கிறேன். வர்றவங்க யாரும் நாட்டோட பிரதிநிதியா வரல, தனி ஆளா வந்தாங்க. உள்ள யார் என்ன சொன்னாங்கன்னு வெளிய போய்ச் சொல்லக் கூடாது. அதனால ஒரு ரஷ்யர் "நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு"ன்னு ஒரு அமெரிக்கர்கிட்ட சொல்ல முடிஞ்சுது, மறுநாள் பேப்பர்ல வராது.

அடுத்தது, இன்ஜினியர்களுக்கான பகுதி. அணுசோதனைத் தடை ஒப்பந்தம் ரொம்ப நாள் ஒரே இடத்துல சிக்கி நின்னுது. பூமிக்கு அடியில யாராவது ரகசியமா வெடிச்சா எப்படிக் கண்டுபிடிக்கிறது? "எங்க ஆளுங்க உங்க நாட்டுக்குள்ள வந்து பார்க்கணும்"னு அமெரிக்கா. "வேவு பார்க்க வர்றீங்களா"ன்னு சோவியத். 1962-ல லண்டன் பக்வாஷ் கூட்டத்துல ரெண்டு நாட்டு விஞ்ஞானிகள் ஆறு பேர் சேர்ந்து ஒரு யோசனை சொன்னாங்க: சீல் வெச்ச, ஆளில்லாத, நிலநடுக்கம் பதிவு செய்யுற கருவிப் பெட்டிகளை அங்கங்க வெச்சுடலாம். யாராவது கைவெச்சா தெரிஞ்சுடும். கருப்புப் பெட்டின்னு பேர் வெச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, இது அரசியல் தீர்வா, இன்ஸ்ட்ருமென்டேஷன் தீர்வா? உண்மையைச் சொல்லணும்னா அந்தப் பெட்டி கடைசியில தேவைப்படல. 1963 ஒப்பந்தம் வானம், விண்வெளி, தண்ணிக்கு அடியில நடக்குற சோதனையை மட்டும் தடை பண்ணி, பூமிக்கு அடியில நடக்குறதை விட்டுடுச்சு. ஆனா நம்பிக்கை இல்லாத ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு கருவியை வெச்சுப் பேச்சைத் தொடரலாம்னு காட்டினது நம்ம ஆளுங்க.

இந்தக் கூட்டம் நம்ம ஊருக்கும் வந்திருக்கு. 25-வது பக்வாஷ் மாநாடு 1976 ஜனவரில மெட்ராஸ்ல நடந்தது. வளர்ச்சி, வளங்கள், உலகப் பாதுகாப்புன்னு தலைப்பு. நாலு வருஷமா சென்னைப் பக்கம் படிக்கிறேன், இதை எனக்கு யாரும் சொன்னதில்ல. அதுவும் எப்பேர்ப்பட்ட நேரம்! இந்தியா பொக்ரான்ல முதல் அணுசோதனை பண்ணி ரெண்டு வருஷம்கூட ஆகல. நாட்டுல எமர்ஜென்சி. அதே மாசம் 31-ஆம் தேதி தமிழ்நாட்டு அரசாங்கத்தையே கலைச்சாங்க. நல்ல காலம் பார்த்துத்தான் பேசணும்னா எப்பவுமே பேச முடியாதுங்கிறதுக்கு இதை விட உதாரணம் எனக்குக் கிடைக்கல.

பக்வாஷ் குண்டை ஒழிச்சுடுச்சான்னு கேட்டா, இல்ல. அந்த அறிக்கை வந்த வருஷத்தை விட இன்னைக்கு அணு ஆயுதம் வெச்சிருக்குற நாடுகள் அதிகம். இதை மறைச்சுட்டு நான் பெருமை பேசினா ஃபிளெக்ஸ் அடிக்கிறவங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்ல.

சரி, இதெல்லாம் இங்கிலீஷ்ல நடக்கட்டும், தமிழ்ல எப்படிங்கிறவங்களுக்கு ஒரு பதில். (இங்கிலீஷ் மீடியத்துல படிச்சு, இந்தக் கட்டுரையை அம்மாகிட்ட காட்டி ஒற்றுப்பிழை திருத்தி வாங்கின எனக்கே இந்தச் சந்தேகம் இருந்துச்சு.) 1964 ஜனவரில டெல்லில கீழைத்தேய ஆய்வாளர்களோட உலக மாநாடு நடந்தப்போ, அங்க வந்திருந்தவங்களை ஓரமா உட்கார வெச்சு உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார் சேவியர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்துக்காரர், அப்போ மலாயாப் பல்கலைக்கழகத்துல பேராசிரியர். தலைவரா பிரான்ஸ் நாட்டு ழான் ஃபிலியோசா. தனிநாயகத்தோட சேர்ந்து செயலாளரா கமில் சுவலபில், இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் இருந்த பிராக் நகரத்துக்காரர். பனிப்போர் உச்சத்துல ஒரு பாரிஸ்காரரையும் பிராக்காரரையும் ஒரே மேசையில உட்கார வெச்சது தமிழ். முதல் மாநாடு 1966 ஏப்ரல்ல கோலாலம்பூர்ல. அப்போ இந்தோனேசியாவோட மலேசியா மோதிட்டு இருந்த காலம், அது முடிஞ்சதே ஆகஸ்ட்லதான்.

அந்த மாநாடுகள் பின்னால என்ன ஆச்சுங்கிறதும் நமக்குப் பாடம். ஊர்வலம், தோரணம், சிலைன்னு பெருசாகப் பெருசாக ஆராய்ச்சிக்கான இடம் சுருங்கிடுச்சுன்னுதான் எனக்குப் படுது. 1995-ல தஞ்சாவூர் மாநாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழ் அறிஞர்கள் சிலரைத் திருப்பி அனுப்பினாங்க, பேராசிரியர் கா. சிவத்தம்பி உட்பட. மறுபடியும் விசா, மறுபடியும் கதவு. 2010-ல கோயம்புத்தூர் மாநாட்டுக்கு முன்னாடி மன்றத்தோட தலைவரா இருந்த ஜப்பான் வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா, ஆய்வாளர்கள் கட்டுரை தயார் பண்ண இந்த அவகாசம் போதாதுன்னு ஒத்துக்க மறுத்தார். சோழர் கல்வெட்டுகளை வாழ்நாள் பூரா படிச்ச மனுஷன். நம்ம கான்ஃபரன்ஸுக்கு நாம பேப்பர் எழுதுறது முந்தின நாள் ராத்திரி.

இப்போ நான் கேட்கிறது என்னன்னா, வரப்போற மார்ச் கான்ஃபரன்ஸ்ல ரெண்டாவது நாளை எங்களுக்குக் கொடுங்க. 22 பேர் போதும். ஆடிட்டோரியம் வேண்டாம், மெக்கானிக்கல் பிளாக் செமினார் ஹால் போதும்.

யாரைக் கூப்பிடலாம்? ஆளுக்கா பஞ்சம்? ஐஐடி மெட்ராஸ்ல சீன ஆய்வு மையம் இருக்கு. ஜப்பான், கொரியா, ஜெர்மனி துணைத் தூதரகங்கள் சென்னையில இருக்கு. தைவானோட அலுவலகம் 2012-ல இருந்து இருக்கு. ஆய்வுக்காகச் சென்னைக்கு வந்து தங்கியிருக்குற வெளிநாட்டு மாணவர்கள் இருப்பாங்க. அவங்களை ஒரு மணி நேரம் பஸ்ல கூட்டிட்டு வரணும், அவ்வளவுதான். வர முடியாதவங்க ஜூம்ல வரட்டும், ஆனா பேசிட்டு லாக் அவுட் பண்ணக் கூடாது, கடைசி வரைக்கும் இருக்கணும். இந்தப் பக்கம் ஒரு சூப்பர்வைசர் அண்ணன், லைன்ல நிக்கிற ரெண்டு அக்கா, நோக்கியா மூடினப்போ அங்க இருந்த ஒருத்தர், அப்புறம் நாம.

என்ன பேசுறது? ஒரு உதாரணம் சொல்றேன். 2025 ஏப்ரல்ல சீனா ஏழு அரிய மண் தனிமங்களையும் அதுல செய்யுற காந்தங்களையும் ஏற்றுமதி பண்ணக் கட்டுப்பாடு போட்டுது. மின்சார வண்டி செய்யுறவங்க எல்லாரும் தவிச்சாங்க. ஏற்றுமதி லைசென்ஸ் எப்படி ஒரு ஆயுதம் ஆகுதுன்னு ஒரு ஆய்வாளர் சொல்லுவார். ஆனா மோட்டார் சூடானா நியோடிமியம் காந்தம் வலு இழக்கும், அதைத் தடுக்கத்தான் கொஞ்சம் டிஸ்ப்ரோசியம் சேர்க்குறாங்க, அதனால அந்த ஒரு தனிமம் இல்லன்னா லைன் நிக்கும்னு அவருக்கு யார் சொல்லுறது? இஇஇ மூணாவது வருஷப் பையன் சொல்லுவான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடல் மணல்ல மோனசைட் இருக்கே, அதுல எடுத்துக்கலாமேன்னு ஒருத்தர் கேட்பார். அதுல நியோடிமியம் இருக்கு, டிஸ்ப்ரோசியம் ரொம்பக் குறைவுன்னு இன்னொருத்தர் பதில் சொல்லுவார். அந்த மணலைத் தோண்டுறதால எங்க ஊருக்கு என்ன ஆகுதுன்னு நாகர்கோவில்காரன் நம்ம ஹாஸ்டல்லயே ஒருத்தன் கேட்பான். பேச்சு அப்படித்தான் நகரும். மூணு பேரும் தனித்தனியா இருந்தா மூணு அரைகுறைக் கருத்துதான்.

மொழி? தமிழ்ல பேசலாம், இங்கிலீஷ்ல பேசலாம், பக்கத்துல உட்கார்ந்து ஒருத்தர் மாத்திச் சொல்லணும். லைன்ல நிக்கிற அக்கா இங்கிலீஷ் தெரியாததால வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தா அந்தக் கூட்டம் தோத்துப்போச்சுன்னு அர்த்தம்.

"காலேஜ்ல அரசியல் பேசக் கூடாது"ன்னு ஒரு குரல் வரும். "கம்பெனி ரகசியம், வேலைக்கு ஆபத்து"ன்னு இன்னொரு குரல். ரெண்டாவது பயம் நியாயமானது. எனக்கே ஆஃபர் லெட்டர் கையில இருக்கு, சேருற தேதி இன்னும் வரல, இதை எழுதும்போது எனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான். அதனாலதான் பக்வாஷ் விதியைப் பிடிச்சுக்கிறேன். தனி ஆளா வாங்க. கம்பெனி பேர் சொல்ல வேணாம். யார் சொன்னதுன்னு வெளிய போகக் கூடாது. போட்டோ கிடையாது. சர்டிஃபிகேட்டும் கிடையாது, அதுக்காக வர்றவங்க முதல் நாளோட கிளம்பிடலாம்.

டிபார்ட்மென்ட்ல லெட்டர் கொடுத்து பதினோரு நாள் ஆச்சு. "பட்ஜெட் என்ன?"ன்னு ஒரே ஒரு கேள்வி திரும்பி வந்திருக்கு. ஒரு பஸ் வாடகை, முப்பது சாப்பாடு, டீ. எழுதிக் கொடுத்திருக்கோம். நேரம் காலையில ஒன்பது மணியில இருந்து பன்னெண்டு வரைக்கும்னு போட்டிருக்கேன். பி ஷிஃப்ட் போறவங்க சாப்பிட்டுட்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கணும். உங்க வீட்டுல, தெருவுல யாராவது அந்த பஸ்ல போறவங்களா இருந்தா இந்த வாரமே கேட்டு வைங்க. தேதி முடிவானதும் அவங்க லீவு சொல்லவே ஒரு மாசம் வேணும்.